நாற்பத்து மூன்றாம் தொட்டி

கிரீஸ்பாக் என்கிற மலைக்கிராமத்தில் ஒரு வீட்டுக்காரர் செத்துப்போனால், சேதி முதலில் மாடுகளுக்குத்தான் போகும். கொட்டிலுக்குப் போய் ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் கைவைத்துச் சொல்ல வேண்டும். அடுத்து தேனீக்கள். பெட்டியை மூன்று தரம் தட்டிச் சொல்ல வேண்டும். கடைசியாகப் பூந்தொட்டிகள். ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் மூன்று தட்டு தட்டி, எஜமான் போய்விட்டார் என்று சொல்லி, இருந்த இடத்தைவிட்டுக் கட்டைவிரல் அகலம் நகர்த்தி வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் அவையும் எஜமானுக்குப் பின்னாலேயே போய்விடும். பங்குச் சாமியார் இதையெல்லாம் அஞ்ஞானம் என்று பிரசங்கத்தில் வருஷம் ஒருமுறை ஏசுவார். தன் தாயார் இறந்த அன்று அதே சாமியார் ஜன்னலோரத்துச் செடியை நைசாக நகர்த்தி வைத்ததையும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மூஸ்னர் வீட்டு அஃப்ரா மட்டும் தன் தொட்டிகளுக்குச் சொல்லவில்லை.

அந்த வருஷம் அக்டோபரிலேயே மலைமேல் பனி முந்திக்கொண்டது. அவள் புருஷன் செவெரினின் ஏழு ஆடுகள் கணவாய்க்கு அப்பால் மேய்ச்சலில் மாட்டிக்கொண்டன. "நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன். ரொட்டி உருண்டை பண்ணி வை, பன்னிக்கறியைக் கஞ்சத்தனம் பண்ணாமப் போடு" என்று சொல்லிவிட்டு ஏறினான். மறுநாள் மத்தியானம் ஏழு ஆடும் மணி குலுங்க வந்து சேர்ந்தன. உருண்டை ஆறி, திரும்பச் சூடுபண்ணி, திரும்ப ஆறியது. அவன் வரவில்லை.

ஒன்பது நாள் தேடினார்கள். பனியாற்றின் ஓரத்தில் அவனுடைய ஊன்றுகோல் குத்தி நின்றது. அதற்கப்பால் வெடிப்புகள்தான். பத்தாம் நாள் தேடினவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். சாவுமணி அடிக்கலாமா என்று கேட்டார்கள்.

"கோல்தானே கெடச்சுது?" என்றாள் அஃப்ரா. "கோலுக்கா மணியடிக்கப் போறீங்க?"

அன்று சாயங்காலமே செவெரினின் அக்காள் நோட்புர்கா கறுப்பு உடுத்திக்கொண்டு வந்தாள். நோட்புர்கா கல்யாணம் கட்டாதவள். பங்குச் சாமியார் வீட்டில் சமையல். சாமியார் ஊரை மேய்த்தார் என்றால் சாமியாரை மேய்த்தது நோட்புர்காதான். வந்தவள் அழவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய் நான்கு மாடுகளுக்கும் சொன்னாள். தோட்டத்துக்குப் போய் ஆறு தேன்பெட்டிகளைத் தட்டிச் சொன்னாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிலவறைப் படிக்கு வந்தாள். அங்கே அஃப்ரா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளு புள்ள."

"மாட்டுக்கும் ஈக்கும் சொல்லிட்டீங்க. ஒங்க பொறந்த வீட்டுச் சொத்து, சொல்லிட்டுப் போங்க. இந்தப் பூவு எனக்கும் அவருக்கும் உள்ளது. இதுகளுக்கு யாரும் எதையும் சொல்லக் கூடாது."

"சொல்லலேன்னா அத்தனையும் பட்டுப்போயிரும்டி."

"அதைத்தான் மதினி பாக்கப் போறேன். செத்தவரோட செடி சொல்லாம விட்டா பட்டுப்போகும், அப்படித்தானே? அப்போ சொல்லாமலே இதுக பொழச்சுக் கெடந்தா, அவரு உசுரோட இருக்காருன்னு அர்த்தம். மார்ச்சுல சூசையப்பர் திருநாள் வரைக்கும் விடுங்க. அன்னிக்கு ஒண்ணுகூடத் துளிர்க்கலேன்னா நானே வந்து கயிறைப் புடிச்சு மணியடிக்கிறேன்."

நோட்புர்கா இடுப்பில் கைவைத்தாள். "ரஷ்யாவுல போனானே ஒன் தம்பி, அவனுக்கும்தான் பொணம் வரல. அவனுக்குப் பூசை வச்சியே?"

"அவனுக்குப் பட்டாளத்துலருந்து காகிதம் வந்துச்சு."

"மலை காகிதம் எழுதாதுடி" என்றாள் நோட்புர்கா. ஆனால் அன்று அவள் படியிறங்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

இப்படித்தான் அந்தப் பந்தயம் ஆரம்பித்தது. அஃப்ரா முட்டாள் இல்லை, பைத்தியமும் இல்லை. ஊர் வழக்கத்தை ஊரைவிட அதிகமாக நம்பினாள், அவ்வளவுதான். நம்பியதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இனி அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் காப்பாற்ற வேண்டியது நாற்பத்து மூன்று ஜெரேனியத் தொட்டிகளை. அவை உயிரோடு இருக்கும்வரை செவெரின் உயிரோடு இருப்பான்.

அந்தச் செடிகளின் வரலாறு இருபத்திரண்டு வருஷம். கடையில் வாங்கின ஜெரேனியம் தழைக்காது, கேட்டு வாங்கினது பூக்காது, திருடினதுதான் பிழைக்கும் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் பேசி முடித்த கோடையில் இருவரும் பக்கத்துப் பள்ளத்தாக்கின் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். அங்கே ஒரு விடுதியின் மாடத்திலிருந்து ரத்தச் சிவப்பாக ஒரு ஜெரேனியக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. செவெரின் எம்பி ஒரு துண்டை ஒடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்தா பங்குச் சாமியார் எதிரே வரவேண்டும்? தொப்பியைக் கழற்றி வணங்க முடியவில்லை. "என்னப்பா, தலை ஒட்டிக்கிச்சா?" என்று சாமியார் கேட்க, "சளி புடிச்சிருக்கு சாமி" என்றான். சளி பிடித்தவனின் காதோரம் சிவப்பு இதழ் ஒன்று நழுவி விழுந்தது. அஃப்ரா சிரித்த சிரிப்பில் சாமியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த ஒடித்த துண்டுதான் தாய்ச்செடி. மற்ற நாற்பத்திரண்டும் அதன் வயிற்றில் பிறந்தவை. அந்த வீட்டில் வேறு பிள்ளைகள் பிறக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூஸ்னர் வீட்டு மாடம் எரிகிற மாதிரி இருக்கும். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்.

குளிர்கால வேலை எப்போதும் செவெரினுடையது. முதல் உறைபனிக்கு முன்னால் தொட்டிகளை இறக்குவான். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, இலை மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிடுவான். நிலவறைப் பலகைகளுக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் சுண்ணாம்பு அடிப்பான். நான்கு வாரத்துக்கு ஒரு அகப்பை தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. தண்ணீர் வேண்டுமா என்று தொட்டியை விரல்முட்டியால் தட்டிக் கேட்பான். கணீரென்றால் காய்ந்திருக்கிறது, மொத்தென்றால் ஈரம் இருக்கிறது. சமையலறையில் அஃப்ரா மாவு பிசையும்போது காலுக்குக் கீழே அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் அந்த வேலையை அவளே செய்தாள். அவன் காணாமல்போன எட்டாம் நாள், தேடுகிறவர்கள் இன்னும் மலையில் இருக்கும்போதே, தொட்டிகளை வெட்டிக் கீழே இறக்கினாள். வந்து பார்த்து ஏசுவானே என்று சுண்ணாம்பும் அடித்தாள். காயும்வரை பொறுக்க மனசில்லை, ஈரச் சுண்ணாம்பின்மேலேயே தொட்டிகளை வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் ஒருநாளும் செய்யாத தப்பு அது.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள். அன்று மத்தியான மணி அடித்ததும் பாவம் கழியக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு ஒருநாள் விடுமுறை. மறுநாள் காலை மணி வரை அவரவர் வீட்டில் வந்து இருக்கலாம். அவர்களுக்காக அடுப்பைக் கனலவிட்டு, மேசையில் ஆளுக்கொரு கிண்ணம் பாலும் நெய்யில் பொரித்த பணியாரமும் வைப்பார்கள். அஃப்ரா மூன்று கிண்ணம் வைத்தாள். மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, ரஷ்யாவில் போன தம்பிக்கு ஒன்று. அலமாரியில் செவெரினின் கிண்ணம் இருந்தது, நீல விளிம்பு போட்டது. கை அதன்மேல் போனது. எடுத்து மேசையில் வைத்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கையை இழுத்துக்கொண்டு அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

அந்தச் சத்தம் அடங்கியபோது தரைக்குக் கீழே இன்னொரு சத்தம் கேட்டது. டக், டக், டக். பிறகு ஒரு சின்ன உராய்வு. மறுபடியும் டக், டக், டக்.

மரநாய் புகுந்து கிழங்கை உருட்டுகிறது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டாள் என்று சொன்னால் சரியாக இருக்கும். ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கும் நேரம் அது கேட்டுக்கொண்டிருந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு பத்துப் படி இறங்கினால் போதும். வெளியே நல்ல வெயில் வேறு. ஆனாலும் அவள் இறங்கவில்லை. ரொட்டிப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது நிற்கும்வரை நின்றாள். நின்றதும் ஏன் நின்றது என்று அழுகை வந்தது.

இரண்டு நாள் கழித்துக் குளிர் இறங்கியபோதுதான் கீழே போனாள். வெளிப்பக்கத்துக் கதவின் தாழ்ப்பாள் போடாமல் கிடந்தது. ஈரக் கம்பளியும் குழாய்ப் புகையிலையும் கலந்த வாசனை அடித்தது. அவள் தலைநிமிர்ந்து எதையும் பார்க்கவில்லை. கைநிறைய வைக்கோலை அள்ளி அள்ளித் தொட்டிகளைச் சுற்றிலும் விளிம்புவரை திணித்தாள். பலகையே தெரியாத அளவுக்குத் திணித்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக மேலே வந்துவிட்டாள்.

அதன்பிறகு வாரம் இரண்டுமுறை இறங்கினாள். மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்த்தாள். தட்டிப் பார்க்கும் வேலையை மட்டும் செய்யவில்லை. ஒருவேளை மூன்று தட்டாகிவிட்டால்? சொன்ன மாதிரி ஆகிவிடுமே. தொட்டிகளை நகர்த்தவும் இல்லை, பெருமூச்சு விடக்கூடப் பயந்தாள்.

அங்கே ஒரு ஆணியில் செவெரினின் எனாமல் அகப்பை தொங்கும். அவன் இடதுகைக்காரன், பிடி இடப்பக்கம் பார்க்க மாட்டுவான். அஃப்ரா வலப்பக்கம் பார்க்க மாட்டுவாள். ஒவ்வொரு முறை அவள் இறங்கும்போதும் பிடி இடப்பக்கம் திரும்பியிருந்தது. முதல் தடவை முதுகு சில்லிட்டது. மூன்றாம் தடவை சிரிப்பு வந்தது. "சரி சரி, நீங்க மாட்டுற மாதிரியே இருக்கட்டும்" என்றாள் வாய்விட்டு. உயிரோடு இருப்பவன் தன் வீட்டு நிலவறைக்குள் ஏன் ஒளிந்து நடக்க வேண்டும் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரியில், ஐம்பத்தாறாம் ஆண்டு பிப்ரவரியில், எந்தக் கிழவனும் கண்டிராத குளிர் வந்தது. பீப்பாயில் ஆப்பிள் மது உறைந்து பலகை விரிந்தது. பறவைகள் வேலியில் உட்கார்ந்தபடியே செத்தன. தபால் வண்டி நிற்கும் விடுதியின் நிலவறையில் நூற்றுப் பத்து ஜெரேனியம் ஒரே வாரத்தில் கறுத்துக் கூழாகிவிட்டது. விடுதிக்காரி கிரெஸென்ஸ் வாயாடி, எதற்கும் கலங்காதவள், அவளே கோவில் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினாள்.

அஃப்ரா போர் தொடுத்தாள். நிலவறை ஜன்னலை வெளியிலிருந்து சாணத்தால் மூடினாள், சூடு பறக்கும் புதுச் சாணம், தினமும் ஒரு அடுக்கு. செங்கல்லை அடுப்பில் காயவைத்துத் துணியில் சுற்றிப் பலகைகளுக்கு அடியில் வைத்தாள். ஆறினதை எடுத்துச் சுட்டதை வைத்தாள். பால் கறக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கிழங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து மூன்றும் வெறும் குச்சி. செத்த குச்சிக்கும் தூங்குகிற குச்சிக்கும் வெளியே வித்தியாசம் தெரியாது. நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தால்தான் தெரியும். கீறவும் துணிச்சல் வரவில்லை. அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து, சேசுவே, இந்தக் குச்சிகளை விட்டுவை என்று வேண்டிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது குச்சிகள் இல்லை என்பது சேசுவுக்கும் தெரிந்திருக்கும்.

மார்ச் முதல் வாரம் துளிர்த்தன. ஒரு கணுவில் சிவப்பாக ஒரு புள்ளி. மறுநாள் பத்துத் தொட்டியில். அடுத்த வாரத்துக்குள் நாற்பத்திரண்டிலும் சுருண்ட இலை. மூலையில் இருந்த தாய்ச்செடி மட்டும் அசையவில்லை. வயசானது, மெதுவாகத்தான் எழும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சூசையப்பர் திருநாளன்று விடியற்காலையிலேயே எழுந்து உருண்டை பிடித்தாள். பன்றிக்கறியைக் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டாள். பூசை முடிந்து கோவில் வாசலில் ஊர் கூடியிருந்தபோது நோட்புர்காவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

"என்ன மதினி, இந்தப் பள்ளத்தாக்குல ஒரு ஜெரேனியம் மிச்சமில்ல. என் வீட்டுல நாப்பத்திரண்டு துளிர்த்திருக்கு. ஒண்ணுக்கும் சொல்லல. செத்தவரோட செடியா இப்படித் துளிர்க்கும்?"

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்கிற நோட்புர்கா, அன்று அஃப்ராவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விலகிப் போனாள். அந்த இரக்கம் அஃப்ராவுக்குப் பிடிக்கவில்லை.

கிரெஸென்ஸ் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா தாயே, எனக்கு மாடம் மொட்டையா நிக்குது. ரெண்டு துண்டு கொடேன்."

"குடுத்தாத் தழைக்காதே."

"அது தெரியாதா எனக்கு? திருடத்தான் வந்தேன். நீ செவுத்தப் பாத்துத் திரும்பிக்கோ."

அதுதான் மரியாதையான முறை. சொந்தக்காரி திரும்பி நிற்க வேண்டும், வந்தவள் ஒடித்துக்கொள்ள வேண்டும், நன்றி சொல்லக் கூடாது. நிலவறையில் அஃப்ரா விளக்கை மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். "ஓரத்துல இருக்கற தாய்ச்செடியைத் தொடாதே" என்றாள். முதுகுக்குப் பின்னால் கிரெஸென்ஸ் வைக்கோலை இழுத்து இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"நெருக்கி அடச்சிருக்கியே, எங்க ஒடிக்கிறது... ஏ, அஃப்ரா." குரல் மாறிவிட்டது. "சொல்லிட்டியா நீ?"

"என்னது?"

"சொல்லிட்டியே புள்ள. நல்லதாப் போச்சு. நானும் ஊரு முழுக்க, இவ இப்படி அடம் புடிக்கிறாளேன்னு... எல்லாத்தையும் அழகா நகத்தி வச்சிருக்கே. அதானே பாத்தேன், எப்படித் துளிர்க்கும்னு."

அஃப்ரா திரும்பினாள். திருடுகிறபோது திரும்பக் கூடாது, திரும்பினாள்.

வைக்கோல் விலகின இடத்தில் பலகை வெள்ளையாகத் தெரிந்தது. ஈரச் சுண்ணாம்பில் அவள் வைத்த தொட்டிகளின் அடி வட்டங்கள் அச்சுப்போல் பதிந்திருந்தன. அந்த வட்டங்களின்மேல் தொட்டிகள் இல்லை. ஒவ்வொரு தொட்டியும் தன் வட்டத்தைவிட்டு இடப்பக்கமாக விலகி, வரிசை பிசகாமல், ஒரே அளவுக்கு நகர்ந்து நின்றது. அவள் கையாலேயே மிச்ச வைக்கோலையும் பிடுங்கிப் போட்டாள். மேல் பலகை, நடுப் பலகை, கீழ்ப் பலகை. நாற்பத்திரண்டும் நகர்ந்திருந்தன. மூலையில் தாய்ச்செடி மட்டும் தன் வட்டத்தில் அப்படியே இருந்தது.

கிரெஸென்ஸ் கையில் இரண்டு துண்டோடு ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அஃப்ரா தலையில் துணிகூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

சாமியார் வீட்டுச் சமையலறையில் நோட்புர்கா திருநாள் விருந்துக்கு முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?" அஃப்ராவின் குரல் கூடத்தில் இருந்த சாமியாருக்கே கேட்டிருக்கும். "நான் வேண்டாம்னு சொன்னதுக்கப்பறமும் பின்வாசல் வழியா வந்து, திருட்டுத்தனமா..."

"என்னடி சொல்றே?"

"தொட்டிக்கெல்லாம் சொல்லிட்டீங்க! நான் குளிர்காலம் பூரா செங்கல்லு சுமந்தேன், சாணி சுமந்தேன். இது பொழச்சா அவரு பொழச்சாருன்னு... இது பொழச்சது நீங்க சொன்னதால. அவரு பொழச்சதால இல்ல."

நோட்புர்கா கத்தியைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் வந்தேன், பொய் சொல்லல. கல்லறைத் திருநாளன்னிக்குக் காலைல, நீ பால் கறந்துக்கிட்டு இருந்தே. வெளிக்கதவு வழியா எறங்குனேன். ஒனக்காக இல்லேடி, அந்தச் செடியெல்லாம் என் தம்பி வளத்தது, அதுவும் போயிருமேன்னு. எறங்கிப் பாத்தா எல்லாம் ஏற்கெனவே நகந்திருந்துச்சு. நீயே சொல்லிட்டேன்னு நெனச்சேன். வெளிய ஒப்புக்க மனசு வரல, போகட்டும், கேக்க வேண்டாம்னு திரும்பி வந்துட்டேன். தாழ்ப்பாள்கூடப் போட்டேனோ என்னமோ. இந்தக் குளிர்காலம் பூரா நீ பெருமையடிச்சப்பல்லாம் ஒனக்காக வேண்டிக்கிட்டேன். மாதா சத்தியமா நான் தொடல."

"நானும் தொடல மதினி."

அடுப்பில் சூப் கொதித்து மூடியைத் தூக்கியது, யாரும் அதை இறக்கவில்லை. நோட்புர்கா மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அஃப்ரா. முந்தின நாளு, சகல புனிதர் அன்னிக்கு. மத்தியானம் மணியடிச்சப்ப. அவனுக்குப் பால் வச்சியா?"

அஃப்ரா வாயைத் திறந்தாள். உயிரோடு இருக்கிறவருக்கு எதற்குப் பால் என்று சொல்லத்தான் திறந்தாள்.

"வக்கலையா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

நோட்புர்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். "சேசுவே" என்றாள். பிறகு, "வீட்டுக்குத்தான் வந்திருக்கான்" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு, தம்பி போனபோது அழாத அழுகையை அப்போதுதான் அழுதாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அஃப்ராவுக்கு அந்த ஒரே காட்சிதான். மத்தியான மணி அடிக்கிறது. அவன் மலையிறங்கி வருகிறான், கம்பளிச் சட்டை நனைந்திருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். அவன் அப்பாவுக்குக் கிண்ணம் இருக்கிறது, அம்மாவுக்கு இருக்கிறது, ரஷ்யாவில் போன மச்சானுக்கு இருக்கிறது. அவனுக்கு இல்லை. அலமாரிக் கதவு படாரென்று சாத்துகிறது. அவன் கோபித்துக்கொள்கிறவன் இல்லை. சரி, மேலே இடமில்லை போலிருக்கிறது என்று கீழே இறங்கியிருப்பான். இறங்கின இடத்தில் யாரும் சொல்லாமல் கிடக்கிற செடிகளைப் பார்த்திருப்பான். இவள் சொல்ல மாட்டாள், விட்டால் எல்லாம் பட்டுப்போகும் என்று, பாவி மனுஷன், தன் சாவைத் தானே ஒவ்வொன்றாகத் தட்டிச் சொல்லியிருக்கிறான். அவள் காலுக்குக் கீழே. அவள் ரொட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது.

வீட்டில் கிரெஸென்ஸ் போயிருந்தாள். நிலவறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அஃப்ரா முதல் தொட்டிக்கும் அதன் வட்டத்துக்கும் நடுவில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். விரலுக்கு இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. அது அவள் விரல் அகலம் இல்லை, நோட்புர்காவின் விரல் அகலமும் இல்லை. அந்தத் தடித்த கட்டைவிரலை அவளுக்குத் தெரியும்.

தாய்ச்செடிக்கு முன்னால் மண்டியிட்டாள். நகத்தால் தண்டைக் கீறினாள். பழுப்பு. இன்னும் கீழே கீறினாள், அங்கேயும் பழுப்பு. மண்ணை ஒட்டின இடத்தில் கீறியபோது நூலிழை அளவுக்குப் பச்சை தெரிந்தது. நாற்பத்திரண்டுக்குச் சொன்னவனுக்கு நாற்பத்து மூன்றாவதை மறந்திருக்குமா? மறக்கவில்லை. இது நாம் இரண்டு பேரும் சேர்ந்து திருடினது, இதற்கு நீ சொல் என்று விட்டுவைத்திருக்கிறான். ஐந்து மாதமாகக் காத்துக்கொண்டிருக்கிறது.

விரல்முட்டியால் தட்டினாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் கை தட்டுவது அதுதான் முதல்முறை. மூன்று தட்டு. மண் காய்ந்து கணீரென்றது.

"செவெரின் செத்துப்போனாரு" என்றாள். சொன்ன பிறகும் சுவர் இடிந்துவிடவில்லை. "கேட்டியா? ஒன்னைத் தொப்பிக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்தவரு செத்துப்போனாரு. மலையில. அக்டோபர்லயே. எனக்குத் தெரியும், அன்னிக்கே தெரியும். இனிமே நான்தான் ஒனக்கு."

தொட்டியை இடப்பக்கமாக நகர்த்தினாள், ஒரு கட்டைவிரல் அகலம். ஆணியிலிருந்து அகப்பையை எடுத்து ஒரு அகப்பை தண்ணீர் விட்டாள். திரும்ப மாட்டும்போது பிடியை இடப்பக்கம் பார்க்கவே மாட்டினாள். பிறகு அந்தக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்தாமல், வீடு முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

மேலே வந்தபோது மத்தியான மணி அடித்துக்கொண்டிருந்தது. அது அவர்களுக்கான நாள் இல்லை, ஆத்துமாக்களுக்கு மார்ச்சில் விடுமுறை கிடையாது என்று நோட்புர்கா சொல்லுவாள். சொல்லிக்கொள்ளட்டும். அஃப்ரா அலமாரியைத் திறந்து நீல விளிம்புக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்தாள். காலையில் கறந்த பாலை விளிம்புவரை ஊற்றினாள். அடுப்பில் மூடிவைத்திருந்த உருண்டைகளில் மூன்றை எடுத்துத் தட்டில் வைத்து, அவன் உட்காரும் இடத்தில் வைத்தாள். வாசல்கதவைத் திறந்து வைத்தாள். குளிர் உள்ளே வந்தது.

பிறகு தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேசைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"எடுத்துக்கோங்க" என்றாள். "நான் பாக்கல."